நிறுத்துவதையாவது முறையாக நிறுத்துங்கள்: பிலிம் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புகைப்பட பிலிம் தயாரிக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

விற்காத பிலிமை எங்களுக்காகத் தொடர்ந்து தயாரியுங்கள் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. அப்படிக் கேட்கும் மனுக்கள், ஒவ்வொரு பிலிம் நிற்கும்போதும் உங்களிடம் வந்து குவிந்திருக்கும். அவற்றால் ஒரு ரோலாவது கூடுதலாக விற்றதா என்பது எனக்குச் சந்தேகமே. நான் பேச விரும்புவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. ஒரு பிலிமை நிறுத்துவது என்று முடிவெடுத்த பிறகு அதை எப்போது அறிவிக்கிறீர்கள், கடைசிச் சரக்கை யாருக்கு எப்படி விற்கிறீர்கள், அதைக் கழுவத் தேவையான ரசாயனங்களை எவ்வளவு காலம் தருகிறீர்கள், அதைச் செய்யத் தெரிந்த அறிவை என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விகளுக்கு, கடந்த இருபது ஆண்டுகளில் உங்களிடமிருந்து ஆளுக்கொரு பதில், ஆண்டுக்கொரு பதில் என்றுதான் கிடைத்திருக்கிறது.

உங்கள் நெருக்கடி எங்களுக்குத் தெரியாததல்ல. உலகளவில் கலர் பிலிமின் தேவை 2000-ஆம் ஆண்டை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அடுத்த பத்தே ஆண்டுகளில் அதன் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. 2005-இல் அக்ஃபாஃபோட்டோ நொடித்துப்போனது. 2006-இல் கோனிகா மினோல்டா, கேமராவும் பிலிமும் சேர்ந்த தன் பழைய தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. எஃப்கே பிலிம்களைச் செய்துவந்த குரோஷியாவின் ஃபோட்டோகெமிகா ஆலையும் அதே ஆண்டில் உற்பத்தியை நிறுத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் பிலிம் என்ற ஒன்று விற்பனையில் இருப்பதே பெரிய விஷயம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அதோடு, பிலிம் சிறிய அளவில் செய்து சிறிய அளவில் விற்கத் தோதான பண்டமும் இல்லை. ஒரு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள, நீண்டு ஓடும் பிளாஸ்டிக் தளத்தின் மேல், கும்மிருட்டில், வெள்ளி ஹாலைடு கலந்த ஜெலட்டினை மயிரிழையிலும் மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். கலர் நெகட்டிவ் என்றால் அந்த அடுக்குகள் பத்தைத் தாண்டும். ஒரே ஒரு பெருஞ்சுருளைப் பூசி முடித்தால் அதிலிருந்து பல்லாயிரம் ரோல்கள் வெட்டலாம், அத்தனையும் காலாவதித் தேதிக்குள் விற்றாக வேண்டும். கோடிக்கணக்கான ரோல்களுக்காகக் கட்டிய எந்திரத்தை ஆயிரக்கணக்கில் வாங்குவோருக்காக ஓட்டுவதில் உள்ள சிரமம் கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும். ஆகவே சில பிலிம்கள் போகத்தான் செய்யும்.

ஆனால் ஒரு பிலிம் போகும்போது வாங்குபவர் எதை இழக்கிறார் என்பதை உங்கள் அறிவிப்புகள் சரியாக எடைபோட்டதாகத் தெரியவில்லை. ‘இதற்குப் பதிலாக எங்களுடைய இந்தப் பிலிமைப் பயன்படுத்தலாம்’ என்ற ஒரு வரி அவற்றில் தவறாமல் இருக்கும். ஆனால் மாறுவது அவ்வளவு எளிதல்ல. புதிய பிலிம் ஒன்று கைக்கு வந்தால், அதன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, நம்பாமல், ஒரே காட்சியை வெளிச்சத்தின் அளவை அரை அரை ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) கூட்டியும் குறைத்தும் எடுத்து, கழுவி, நெகட்டிவை லைட் பாக்ஸின் மேல் வைத்து, நிழலில் துணியின் மடிப்பு எந்த ஃபிரேமில் தெரியத் தொடங்குகிறது என்று லூப் என்ற உருப்பெருக்கியின் வழியே தேடுகிறோம். பிறகு உருவத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பரில் நேரத்தைக் கூட்டிப் பார்த்து, வெயில் பட்ட வெள்ளைச் சுவர் எந்த நிமிடத்துக்கு மேல் விவரம் தெரியாமல் அடைத்துப்போகிறது என்று குறித்துக்கொள்கிறோம். டேங்கை எத்தனை முறை கவிழ்ப்பது, தண்ணீர் எந்தச் சூட்டில் இருப்பது, எந்தத் தாளில் எந்த ஃபில்டரோடு பிரிண்ட் போடுவது என்று இது நீண்டுகொண்டே போகும். இத்தனைக்கும் பிறகு அந்தப் பிலிம் எந்த வெளிச்சத்தில் என்ன செய்யும் என்பது கேமராவைத் தூக்கும்போதே தெரிந்துவிடுகிறது. நீங்கள் அந்தப் பிலிமை நிறுத்தும்போது, குறிப்பேடு முழுவதும் ஒரே நாளில் செல்லாததாகிவிடுகிறது.

ஃபூஜிஃபிலிமின் புரோ 400எச் இதற்கு நல்ல உதாரணம். வழக்கமான மூன்று வண்ண அடுக்குகளோடு நான்காவதாக ஓர் அடுக்கையும் கொண்டிருந்த அந்தப் பிலிமுக்கு ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்து, வெளிர் பச்சையும் வெளிர் நீலமுமாக ஒரு தோற்றத்தை மணவிழாப் படக்காரர்கள் உருவாக்கி, அதையே தங்கள் அடையாளமாக வைத்துத் தொழில் செய்தார்கள். 2021 ஜனவரியில் அதன் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அந்த நான்காவது அடுக்கைச் செய்வதிலும் அதற்கான மூலப்பொருள்களைப் பெறுவதிலும் உள்ள சிரமம் காரணமாகச் சொல்லப்பட்டது. காரணத்தை வெளிப்படையாகச் சொன்னதைப் பாராட்டுகிறேன். ஆனால் அப்படியொரு சிரமம் ஒரே இரவில் முளைத்திருக்காது. அது தெரிய வந்தபோதே சொல்லியிருந்தால், கடைகளில் மிச்சமிருந்த சரக்குக்காக ஒருவரோடொருவர் முட்டிமோதும் நிலை வந்திருக்காது.

அறிவிப்பை எப்படிச் செய்யலாம் என்பதற்கு உங்கள் வரலாற்றிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1935-இல் சந்தைக்கு வந்த கோடாகுரோம் என்ற கலர் ஸ்லைடு பிலிமை நிறுத்தப்போவதாக 2009 ஜூனில் கோடக் அறிவித்தபோது, அதைக் கழுவும் வசதி 2010 இறுதிவரை இருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னது. உலகில் அந்தப் பிலிமைக் கழுவிக்கொண்டிருந்த ஒரே இடமாக எஞ்சியிருந்த, கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் நகரிலுள்ள டுவைன்ஸ் ஃபோட்டோ, 2010 டிசம்பர் 30-ஐக் கடைசி நாளாகக் குறித்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவகாசம். கையிலிருந்த ரோல்களை எதற்குச் செலவிடுவது என்று ஒவ்வொருவரும் யோசித்து முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது. எழுபத்து நான்கு ஆண்டுப் புகழுள்ள ஒரு பிலிமுக்குக் கிடைத்த இந்த மரியாதை, அவ்வளவு பேர் வாங்காத மற்றவற்றுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? பெரும்பாலானவை போகும் விதம் நமக்குத் தெரியும். முதலில் மொத்த வியாபாரியிடம் இருப்பு இல்லை என்பார்கள். அடுத்து, வரத்துத் தாமதம் என்பார்கள். ‘தயாரிப்பு தொடர்கிறது’ என்று நிறுவனம் ஒரு பதில் தரும். பிறகு ஒருநாள் விலைப்பட்டியலிலிருந்து பெயர் காணாமல் போயிருக்கும். அதற்குள் பதுக்கல்காரர்கள் சரக்கை அள்ளியிருப்பார்கள், அதன்பின் விலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கடைசிப் பூச்சு விஷயத்தில் நான் கேட்பது இதுதான்: நிறுத்துவதற்கு முன் ஒருமுறை, முன்பணத்தோடு ஆர்டர்களைத் திரட்டி, எவ்வளவு கேட்கப்படுகிறதோ அவ்வளவைப் பூசி வெட்டித் தாருங்கள். இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்ல வழியில்லை. இல்ஃபோர்டு பிலிம்களைத் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனம், வழக்கத்துக்கு மாறான பெரிய அளவு ஷீட் பிலிம்களை (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வருபவை) ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஆர்டர் பெற்று, அதற்கேற்ப வெட்டிக் கொடுத்துவருகிறது. அந்த அளவுகளுக்குக் கேமரா வைத்திருப்பவர்கள் உலகம் முழுவதும் சிலரே. அவர்களுக்கே முடிகிறதென்றால், 35 மி.மீ. ரோலுக்கு முடியாதா? கறுப்பு வெள்ளைப் பிலிம் ஃப்ரீசரில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். வேகமான பிலிம்களுக்கு மட்டும் அந்த வாய்ப்புக் குறைவு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சு அவற்றை மெல்ல மெல்ல மூட்டமாக்கிவிடும், அதை எந்தக் குளிர்பெட்டியும் தடுக்காது.

பிலிமோடு கூடவே அதன் ரசாயனங்களும் போய்விடுவது இன்னும் மோசமானது. கோடாகுரோமில் வண்ணத்தை உண்டாக்கும் கப்ளர்கள் பிலிமுக்குள் இல்லை. கே-14 என்ற முறையில் கழுவும்போது டெவலப்பர்களின் வழியாகத்தான் அவை சேர்க்கப்பட்டன. அந்த ரசாயனங்கள் நின்றதும், கழுவாமல் எஞ்சிய ஒவ்வொரு ரோலும் வெறும் கறுப்பு வெள்ளைப் பிலிமாகிவிட்டது. இன்று யாராவது தாத்தாவின் அலமாரியிலிருந்து ஒரு ரோலை எடுத்தால், அதில் உருவம் மட்டும் கிடைக்கலாம், நிறம் கிடைக்காது. ஸ்லைடிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் போட உதவிய இல்ஃபோகுரோம் நின்றபோது, பிலிம் கையில் இருந்தும் பிரிண்டுக்கு வழி இல்லாமல் போனது. 2016-இல் ஃபூஜிஃபிலிம் எஃப்.பி.-100சி என்ற உரித்தெடுக்கும் உடனடிப் பிலிமை நிறுத்தியதும், அதற்கென்றே செய்யப்பட்ட கேமராக்களும், கேமராவின் பின்புறம் பொருத்தும் பிலிம் பேக்குகளும் பழுதில்லாமலேயே பயனற்றவையாயின. பிலிம் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்காவது அதைக் கழுவும் வழி திறந்திருக்கும் என்ற உறுதியை நிறுத்த அறிவிப்பிலேயே தர வேண்டும்.

இனி, அறிவைப் பற்றி. இந்த மடலில் மிக முக்கியமாக நான் கருதுவது இதையே.

டி-76 டெவலப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 1920-களில் கோடக் உருவாக்கிய இந்தக் கலவை வெளியிடப்பட்டது; எனவே, தராசும் இந்த நான்கு பொருள்களும் உள்ள எவரும் இன்றும் அதைக் கலக்கலாம். எந்த நிறுவனம் நொடித்தாலும் டி-76 சாகாது. 1891-இல் அக்ஃபா அறிமுகப்படுத்திய ரோடினால் என்ற டெவலப்பரும் அப்படித்தான். அக்ஃபாஃபோட்டோ போன பிறகும் ஜெர்மனியின் அடாக்ஸ் அதைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. கழுவும் ரசாயனங்களில் இவ்வளவு தாராளமாக இருந்த இதே துறை, எமல்ஷன்கள், அதாவது பிலிமின் மேல் பூசும் வெள்ளி ஹாலைடு–ஜெலட்டின் கலவைகள், விஷயத்தில் எல்லாவற்றையும் பூட்டி வைத்தது. போட்டி இருந்த காலத்தில் அது நியாயம். விற்பனையே நின்றுவிட்ட பிலிமின் இரகசியத்தை யாரிடமிருந்து காக்கிறீர்கள்? மரஞ்செடிகளைச் சிவப்பாகக் காட்டிய ஏரோகுரோம் போன்ற அகச்சிவப்புக் கலர் பிலிமுக்கு இன்று நிகரான மாற்று எதுவுமே கிடையாது. யாரும் செய்யாத ஒன்றின் குறிப்பைப் பூட்டி வைப்பதால் உங்களுக்கும் ஒரு காசு இலாபமில்லை.

குறிப்பைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. வெள்ளி நைட்ரேட்டை எந்த வேகத்தில் ஊற்றுவது, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் முதிர விடுவது, எந்தக் கட்டத்தில் எந்தச் சாயத்தைச் சேர்ப்பது என்பதெல்லாம் அந்தந்த எந்திரத்தையும் அதை இயக்கியவர்களின் கையையும் சார்ந்தவை. போலராய்டு 2008-இல் உடனடிப் பிலிமைக் கைவிட்டபோது, நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் இருந்த ஆலையின் எந்திரங்களை ‘இம்பாசிபிள் புராஜெக்ட்’ என்ற குழு வாங்கிக் காப்பாற்றியது. எந்திரம் இருந்தது, வேலை தெரிந்த பழைய ஊழியர்கள் சிலரும் இருந்தார்கள். ஆனால் பழைய ரசாயனங்கள் கிடைக்காததால் ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. 2010-இல் வந்த அவர்களது முதல் பிலிம்களில், கேமராவிலிருந்து வெளிவந்த கணமே படத்தை வெளிச்சம் படாமல் மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே வேதியியல் குறிப்போடு, மூலப்பொருள் யாரிடமிருந்து வந்தது, எது கிடைக்காதபோது எதை மாற்றினீர்கள், பூச்சில் என்னென்ன கோளாறு வந்தது என்ற ஆலைப் பதிவேடுகளும் வெளிவர வேண்டும். ஓய்வுபெறப் போகும் ஊழியர்களின் அனுபவத்தைப் பதிவு செய்யவும் வேண்டும். பொதுவெளியில் வைக்க மனமில்லை என்றால் ஒரு அருங்காட்சியகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ, இத்தனை ஆண்டுகள் கழித்துத் திறக்கலாம் என்ற நிபந்தனையோடு ஒப்படைக்கலாம்.

இன்னொரு நிறுவனத்தின் ஆலையில் பூசிக்கொள்வதும் கௌரவக் குறைவான காரியமில்லை. 2018-இல் நிறுத்தப்போவதாகச் சொன்ன ஆக்ரோஸ் 100 என்ற கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குப் பதிலாக, அடுத்த ஆண்டே ஃபூஜிஃபிலிம் ஆக்ரோஸ் 2 என்ற பிலிமைக் கொண்டுவந்தது. பெட்டியில் பிரிட்டனில் தயாரானது என்று அச்சிட்டிருந்தது. நேர்மையான ஏற்பாடு. இதற்கு நேர்மாறாக, ஒரே பூச்சை ஐந்தாறு பெயர்களில், ஐந்தாறு பெட்டிகளில், புதிய கண்டுபிடிப்பைப் போல விற்கும் வழக்கம் பெருகிவருகிறது. பெட்டிக்குள் இருப்பது எந்த எமல்ஷன் என்று தெரியாமல் வாங்குபவர், ஏற்கெனவே தெரிந்த ஒரு பிலிமையே மறுபடி பரிசோதித்துக்கொண்டிருக்க நேர்கிறது.

சட்டம் குறுக்கே வரும்போது உங்களால் செய்யக்கூடியது குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2021-இல் கட்டுப்படுத்திய ஒரு வேதிப்பொருள் மிகச் சிறிய அளவில் இருந்ததால், ஃபூஜிஃபிலிமின் வெல்வியா 100 என்ற ஸ்லைடு பிலிம் அந்த நாட்டில் நின்றது.

அதே சமயம், பிலிம் திரும்பி வருவதற்கான அடையாளங்களும் உண்டு. 2012-இல் நிறுத்திய எக்டாகுரோம் ஸ்லைடு பிலிமைக் கோடக் 2018-இல் மீண்டும் கொண்டுவந்தது. ஹார்மன் 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 என்ற தன் கலர் நெகட்டிவை வெளியிட்டது. 2024-இல் பென்டாக்ஸ் ஒரு புதிய பிலிம் கேமராவையே செய்து விற்பனைக்கு விட்டது. இன்று புதிதாகப் பிலிமுக்கு வருபவர்களில் பலர், டிஜிட்டல் கேமராவோடு பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் பணம் போட்டுக் கேமரா வாங்குமுன் கேட்கும் முதல் கேள்வி, இந்தப் பிலிம் இன்னும் எத்தனை நாள் கிடைக்கும் என்பதே. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும், எந்தெந்தப் பிலிம்கள் எந்தெந்த அளவுகளில் எந்த ஆண்டுவரை உறுதியாகத் தயாரிக்கப்படும் என்ற ஒரு பக்கப் பட்டியலைக் கையொப்பமிட்டு வெளியிடுங்கள். இரண்டு ஆண்டுக்குத்தான் உறுதி தர முடியும் என்றால் இரண்டு ஆண்டு என்றே எழுதுங்கள்; அதை வைத்து எத்தனை ரோல் வாங்குவது என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
இன்னும் பிலிமில் படமெடுத்துத் தானே கழுவிக்கொள்ளும் ஒரு வாடிக்கையாளர்