கார்பன் பேப்பரைக் கிழித்தது யார் முன்னிலையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். எழுதிய எப்.ஐ.ஆர்.களுக்குக் கணக்கு கிடையாது.

சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் 2025 ஜூனில் தண்டனை அறிவித்தார்கள். குறைந்தது 30 வருடம் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. ஐந்தே மாதத்தில் இந்த அளவுக்குக் கொண்டுவந்த பெண் அதிகாரிகளை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த எப்.ஐ.ஆர். வெளியே போனதே, அது என்னை இன்னும் விடவில்லை.

கையால் எழுதிய காலத்தில் கார்பன் வைத்துத்தான் நகல் எடுப்போம். புது கார்பனை ஒரு தடவை பயன்படுத்திவிட்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் எழுதியது அப்படியே தெரியும். பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் எங்கள் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது "கார்பன் எங்கேய்யா?" என்றுதான். கிழித்துக் காட்ட வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் நகல் ஒட்டிய கவரில்தான் போகும். அப்படியும் ஒருமுறை ஒரு பெண்ணின் பெயர் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. அடுத்த நாள் காலை என் மேஜையில் மெமோ. யார் சொன்னார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனாலும் எழுதியவன் நான், பதில் சொல்ல வேண்டியவனும் நான்.

2024 டிசம்பரில் மாணவியின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியபோது அதிகாரிகள் தரப்பில் என்ன சொன்னார்கள்? இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியதில் தொழில்நுட்பக் கோளாறாம், இணையத்தில் யாரும் பார்க்க முடியாதபடி எப்.ஐ.ஆர். தானாகப் பூட்டிக்கொள்ளத் தாமதமாம். சரி, கோளாறு வரும். ஆனால் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. நடுவில் கிட்டத்தட்ட ஆறு மாதம். பாலியல் குற்றப் பிரிவுகளின் எண் மாறியிருக்கிறது, பழைய பூட்டு புது எண்ணுக்கு விழுகிறதா என்று ஒரே ஒரு சோதனை எப்.ஐ.ஆர். போட்டுப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்? பாலியல் வழக்குகளின் எப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லியாகிவிட்டது. புதிதாக யாரும் எதையும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். கசிவு விசாரணை என்று நிருபர்களின் செல்போன்களை வாங்கி வைத்தார்கள். திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பெயரைப் பிரசுரித்தவன் குற்றவாளிதான், அதற்கு இரண்டு வருடம் வரை தண்டனை இருக்கிறது. ஆனால் திறந்து கிடந்த பீரோவிலிருந்து எடுத்தவனைத் தேடும்போது, சாவி யாரிடம் இருந்தது என்றும் கேட்க வேண்டாமா?

மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்ன உயர் நீதிமன்றம், கசிவுக்குப் பொறுப்பானவர்களிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளலாம் என்றது. அந்த எப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதத்தையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். ஒரு ரைட்டராக எனக்குக் கூச்சமாக இருந்தது. பாதிக்கப்பட்டவள் மேலேயே பழி விழுகிற மாதிரி எழுதுவதற்கு எந்த மென்பொருளும் காரணமில்லை.

எனக்கு வந்த மெமோவுக்கு அன்று இப்படி விளக்கம் எழுதினேன்: "கார்பன் தாள் முறைப்படி கிழித்து அழிக்கப்பட்டது." அதிகாரி படித்துவிட்டு, சிவப்பு மையில் பக்கத்திலேயே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: "யார் முன்னிலையில்?"

கணினியில் அந்தப் பூட்டைச் சோதித்துப் பார்த்ததாக எந்தக் கோப்பிலாவது எழுதியிருந்தால், அதே கேள்வியைத்தான் அரசிடம் நானும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்
(பெயரை வெளியிட வேண்டாம்)