செல்விக்கு, பெயர் விஷயமாக

அன்புள்ள செல்விக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலியை அவளே போனில் சொல்வாள். புதுப் பாக்கெட் வந்து சேர்ந்தது. 'பேச்சியம்மாள் பொடி' என்று அப்பத்தா பெயரைப் பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டிருக்கிறாயே, டிரேட்மார்க், அதாவது வணிகக் குறி, பதிவான சான்றிதழ் வந்துவிட்டதா? பதிவாகாமல் அதைப் போடுவது சட்டப்படி தப்பு. விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தால் 'டிஎம்' என்றுதான் போட வேண்டும். பி.காம் படித்த பிள்ளைக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆடிட்டரிடம் விசாரித்தேன். டிரேட்மார்க் பதிவுக்குப் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், பொடி 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29ஆம். ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான், அதில் கணக்குப் பார்க்காமல் இரண்டுக்கும் போட்டுவிடு.

அப்புறம் அந்த துபாய் விஷயம். மாப்பிள்ளையின் தம்பி தங்கமான பிள்ளை, நான் ஒரு குறையும் சொல்லவில்லை. "பேரை இங்க என் வியாபார லைசென்ஸ்லயே பதிஞ்சிடறேன் அண்ணி, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்று அவர் கேட்டதாக அம்மாதான் சொன்னாள். நீ என்ன பதில் சொன்னாய் என்று போனில் கேட்க வாயெடுப்பேன், பக்கத்தில் மாப்பிள்ளை குரல் கேட்கும், உடனே மழை பெய்ததா என்று கேட்டு வைப்பேன்.

இங்கே பதிவது இந்தியாவுக்கு மட்டும்தான் செல்லும். அங்கே அவர் பெயரில் பதிந்தால் அங்கே அந்தப் பெயருக்கு அவர்தான் சொந்தக்காரர், நாளைக்கு நீ வேறொருவருக்குச் சரக்குக் கொடுக்க நினைத்தால் உன் பாக்கெட்டையே விற்க விடாமல் தடுக்க அவரால் முடியும். தடுப்பார் என்று சொல்லவில்லை. அவர் சரக்கு விற்கட்டும், கமிஷன் கூடக் கொடு, பெயர் மட்டும் உன் பெயரில் இருக்கட்டும்.

அலைச்சலும் இல்லை. டிரேட்மார்க்குக்காகப் பல நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் மாட்ரிட் ஏற்பாட்டில் இந்தியா 2013இலும் அமீரகம் 2021 கடைசியிலும் சேர்ந்துவிட்டன. இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் அமீரகம், சிங்கப்பூர், மலேசியா எல்லாவற்றையும் கேட்கலாம், ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் முடிவு. இங்கே விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் போட்டால் இங்கே விண்ணப்பித்த தேதியே அங்கேயும் கணக்கு, நீ எந்த மாதம் போட்டாய் என்று எனக்குத் தெரியாது, நீதான் சொல்லவே இல்லையே. ஒன்று மட்டும் பார்த்துக்கொள், முதல் 5 வருஷத்துக்குள் இங்கே உள்ளது ரத்தானால் வெளிநாட்டில் வாங்கியதும் கூடவே போய்விடும். அதனால்தான் இங்கே ஒழுங்காகப் போடு என்கிறேன், 29ஐ விட்டுவிடாதே.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை மறைக்கச் சொல்லவில்லை, உன் இஷ்டம். அவர் தம்பி ஏற்கெனவே பதிந்துவிட்டார் என்றால் அதையும் சொல்லு, திட்ட மாட்டேன். உன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதாம், உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

அப்பா