கால் முறிந்த கிடாய்க்குட்டியும் உன் வாட்ஸ்அப் செய்தியும்

வெல்லாவெளி,
ஞாயிறு இரவு.

மச்சான்,

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். கைப்பேசியில் இரண்டு வரி பதில் போட்டால் சண்டைக்கு வருகிறேன் என்று நினைப்பாய். அதனால்தான் பேரனின் கொப்பியில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் செய்தி சொல்வது இது: மார்கரெட் மீட் என்ற மானிடவியலாளரிடம் நாகரிகத்தின் முதல் அடையாளம் எது என்று கேட்டார்களாம். முறிந்து பொருந்திய தொடையெலும்பு என்றாராம். காட்டில் கால் முறிந்த எந்த மிருகமும் முறிவு பொருந்தும்வரை உயிரோடு இருப்பதில்லையாம்; பொருந்தியிருந்தால் யாரோ கூட இருந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். வாசிக்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மையார் எழுதியவற்றில் அப்படி ஒன்று இல்லை என்று தேடிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதை விடு. மிருகங்களைப் பற்றிச் சொன்னதே பிழை.

எங்கள் வீட்டுக் கதையைக் கேள். மார்கழி மழைக்குள், பரண் கொட்டிலின் பலகை இடுக்கில் ஒரு குட்டியின் முன்னங்கால் சிக்கிவிட்டது. இரண்டு மாதக் கிடாய்க்குட்டி. பயத்தில் அது இழுத்த இழுப்பில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு போய்விட்டது. தூக்கிப் பிடித்தால் கீழ்க்கால் தன்பாட்டில் ஆடுகிறது. தோல் கிழியாததுதான் அதன் நல்ல காலம். எலும்பு வெளியே வந்து ஊத்தை பட்டிருந்தால் பொருந்துவது பெரும்பாடு.

அன்றிரவு நான் செய்தது மடத்தனம். பழைய சாரத்தைக் கிழித்து, இரண்டு தடியை வைத்து இறுக்கிக் கட்டினேன். விடியப் பார்த்தால் குளம்படி வீங்கிச் சில்லிட்டுக் கிடக்கிறது. இரத்தம் போக வழியில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கால் அழுகியே போயிருக்கும்.

மிருக வைத்தியர் வந்து என் கட்டை அறுத்தெறிந்தார். பஞ்சு சுற்றி, பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்து, குளம்பிலிருந்து முழங்காலையும் தாண்டிக் கட்டினார். நடுவில் முறிந்ததற்கு ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டேன். "மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாவிட்டால்தான் நடுவில் இருப்பது அசையாது ஐயா" என்றார். மனிசி பிரண்டையும் கையுமாக நின்றா. வைத்தியர் சிரிக்கவில்லை. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் என்ற இருவர் முறிவு கண்ட பிராணிகளுக்குப் பிரண்டை கொடுத்துப் பார்த்து, எலும்பு விரைவாகப் பொருந்துகிறது என்று எழுதியிருக்கிறார்களாம். ஆனால் கட்டுக்குள் ஈரம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிரண்டை துவையலாகி என் வயிற்றுக்குள் போயிற்று.

மூன்றாம் கிழமை கட்டு மாற்ற வந்தார். வளர்கிற குட்டி, பழைய கட்டு இறுகிவிடுமாம். அப்போது தடவிப் பார்த்தேன், முறிந்த இடத்தில் பாக்களவு கட்டி. எனக்கு நெஞ்சு பதறியது. "அதுதான் ஒட்டு, உருவிக் கிருவிப் போடாதீங்க" என்றார். பிறகு திண்ணையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவர் விளக்கியதை உனக்கும் சொல்கிறேன். முறிந்ததும் அந்த இடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. உறைந்த அந்த இரத்தத்துக்குள்தான் வேலை தொடங்குகிறது. முதலில் நாரும், நம் காதுமடலில் இருப்பது போன்ற குருத்தெலும்பும் வளர்ந்து இரண்டு முனையையும் பிடித்துக்கொள்கின்றன. அதில் சுண்ணாம்புச் சத்து இல்லாதபடியால் எக்ஸ்ரே எடுத்தால் இடைவெளி அப்படியேதான் தெரியும். பிறகு அது எலும்பாக மாறுகிறது. மேஸ்திரி அவசரத்தில் சீமெந்தை அப்பியது போல முதலில் தடிப்பாக, கண்டபடி. அந்தத் தடிப்புத்தான் நான் தடவிய கட்டி. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் செதுக்கல் வேலை. பாரம் விழும் பக்கம் எலும்பு கூடும், விழாத பக்கம் கரையும். 1892லேயே ஜூலியஸ் வொல்ஃப் என்ற ஜெர்மன் வைத்தியர் இதை எழுதிவைத்துவிட்டார். தோல் கிழிந்தால் தழும்பு கடைசிவரை நிற்கும். எலும்பு மட்டும் திரும்ப எலும்பாகவே ஆகிவிடுகிறது. எனக்கு இது பெரிய அதிசயம்.

நாலாம் கிழமை கட்டு கழன்றது. தாய் ஆட்டுக்கு இப்படி நேர்ந்திருந்தால் ஆறு எட்டுக் கிழமை எடுத்திருக்கும். இப்போது குட்டி மனிசியின் ரோசாச் செடிகளை முடித்துக்கொண்டிருக்கிறது.

சரி, இது வீட்டு ஆடு, கட்டுப்போட ஆள் இருந்தது என்பாய். எங்கள் மாமரத்துக்கு வரும் குரங்குக் கூட்டத்தில் ஒன்றுக்கு முன்னங்கை வில் மாதிரி வளைந்திருக்கிறது. முறிந்து தானாகப் பொருந்திய கை. அதற்கு யார் கட்டுப்போட்டது? அடொல்ஃப் ஷுல்ட்ஸ் என்பவர் காட்டுக் கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் முறிந்து பொருந்திய எலும்பு இருந்ததாம். மரம் விட்டு மரம் தாவுகிற பிறவி, விழாமல் இருக்குமா? விழுந்தும் பிழைத்திருக்கின்றன. நான் கூப்பிட்ட வைத்தியர் என் குட்டிக்குக் கொடுத்தது நேரான கால். பொருத்தியது குட்டியின் உடம்பு.

ஆனால் எல்லா முறிவும் அப்படியில்லை. எங்கள் படுவான்கரைப் பக்கம் யானைத் தொல்லை உனக்குத் தெரியும். ஹக்க பட்டாஸ் என்று, காட்டுப்பன்றிக்காகத் தீனிக்குள் வெடிமருந்தை வைத்துவிடுகிறார்கள். அதை யானை கடித்தால் தாடை சிதறிவிடும். வாயெல்லாம் புண், தின்னவும் முடியாது, சீழ் பிடித்து, நாட்கணக்காகப் பட்டினி கிடந்து சாகிறது. எலும்புக்கு அவகாசமே கிடைப்பதில்லை. கால் முறிந்தாலும் யானைக்கு ஆபத்துத்தான். மூன்று நாலு தொன் உடம்பை மற்ற மூன்று கால் எத்தனை நாள் தாங்கும்? படுத்தே கிடந்தால் சொந்தப் பாரமே சதையையும் மூச்சையும் நெரிக்கும். நாகரிகத்தைப் பற்றி உன் செய்தியில் வாசித்தபோது எனக்கு அந்த வெடியின் ஞாபகம்தான் வந்தது.

மற்றப்படி சுகம். வயல் இந்த முறை பரவாயில்லை. என் முழங்கால் நோவு அப்படியே. அதற்குக் குழாயும் இல்லை, பிரண்டையும் இல்லை. மண்டூர்த் திருவிழாவுக்கு வருவாய்தானே? படிக்கிற காலத்தில் குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்து நின்றது போல ஒரு பின்னேரம் போய் நிற்போம். வரும்போது குட்டியின் காலைத் தடவிப் பார். எந்தக் கால் என்று நான் சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி.

உன்,
பழைய மச்சான்