ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் ஒரு மைதானம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பின் வடக்குப் பக்கத்து மைதானம் ஒன்றின் வாசலில் என்னையும் என் மகனையும் காவலாளி மறித்தார். என் தோளில் நானே தைத்த நீளப் பை. அதற்குள் ரிமோட்டால் பறக்கவிடும் ஒரு மாதிரி விமானத்தின் இரண்டு இறக்கைகள். மகனின் கையில் அதன் உடற்பகுதி. “ட்ரோனுக்கு இங்கே இடமில்லை” என்றார். இது ட்ரோன் இல்லை, இதில் கேமரா கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் தன் கடமையைச் செய்தார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு நாங்கள் பறக்கவிடப் போகவே இல்லை. மைதானப் பொறுப்பாளரிடம் விமானத்தைக் காட்டி, ஞாயிறு காலையில் எங்களுக்குக் கொஞ்ச நேரம் தருவீர்களா என்று கேட்கத்தான் போனோம். வாசலைத் தாண்ட முடியாததால், அவரிடம் சொல்ல நினைத்ததை உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் 22 வருடமாகத் தையல் செய்கிறேன். சட்டை, பாவாடை, பாடசாலைச் சீருடை, கல்யாண பிளவுஸ். விமானத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. 2021 கடைசியில் கனடாவிலிருந்து வந்த அண்ணா, ஒரு நீளமான அட்டைப் பெட்டியை என் மகனிடம் கொடுத்தார். அவர் தனக்கென்று வாங்கி, கட்ட நேரமில்லாமல் வருடக்கணக்காக அலுமாரிக்கு மேல் வைத்திருந்த பெட்டி அது. உள்ளே விமானம் இல்லை. லேசரால் வெட்டிய பால்சாப் பலகைகள், மெல்லிய பிளைவூட், எஃகுக் கம்பிகள், ஒரு பெரிய வரைபடச் சுருள், அவ்வளவுதான். பால்சா தென்னமெரிக்காவில் எக்குவடோர் பக்கம் வளரும் மரம். தண்ணீரின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்துவிடும். இதைக் கொண்டு எப்படி ஒரு விமானம் என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

வரைபடத்தை நான் வெட்டுமேசையில் விரித்தேன். விரித்ததும் விளங்கிவிட்டது. இது பட்டர்ன். துணிக்கு முன்பக்கம், பின்பக்கம், கை என்று வெட்டுவதுபோல இதில் விலா எலும்புகள், சட்டங்கள், வால் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் இலக்கம். எதை எதற்கு முன்னால் ஒட்டவேண்டும் என்ற வரிசையைத் தவறவிட்டால், காலர் வைக்குமுன் தோளை மூட மறந்த கதைதான். மகனுக்கு அப்போது 15 வயது. அவன் படித்துச் சொல்வான், நான் ஊசிகுத்திப் பிடிப்பேன், அவன் பசை விடுவான். அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் வகை. கொழும்புக் காற்றின் ஈரத்துக்குக் கேட்கவேண்டுமா, தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும். பிழையாக வைத்தால் திருத்த ஒரு மூச்சு நேரம்கூடக் கிடைக்காது. ஆகவே பசை இல்லாமல் இரண்டு தரம் பொருத்திப் பார்த்த பிறகே மூன்றாம் தரம் ஒட்டுவது என்று வைத்துக்கொண்டோம்.

அது 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலம். ஒட்டுகிற வேலையை மெழுகுதிரி வெளிச்சத்திலும் செய்யலாம். ஆனால் எலும்புக்கூட்டின்மேல் போர்த்தும் பிலிமை அயன்பெட்டியால்தான் ஒட்டவேண்டும். முதலில் குறைந்த சூட்டில் ஓரங்களை மட்டும் ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டி நடுவைத் தடவினால், பிலிம் சுருங்கி மேளத்தோல்போல இறுகும். இறக்கையின் கீழ்ப்பக்கத்தை முதலில் போர்த்தவேண்டும். அப்போதுதான் மேல்பக்கத்துப் பிலிமின் ஓரம் கீழே மடிந்து, மூட்டு கண்ணுக்குத் தெரியாது. சாட்டின் துணியைச் சூடுபார்த்து அயன் பண்ணிப் பழகிய கைக்கு இது ஒரு வேலையே இல்லை. கரன்ட் வந்தபோதெல்லாம், இரவு இரண்டு மணி என்றாலும், எழும்பி ஒரு துண்டு போர்த்திவிட்டுப் படுத்தேன். முதலாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களின் இறக்கைகளுக்கு லினன் துணியைத் தைத்துப் போர்த்தியவர்களில் ஏராளமானோர் பெண்கள் என்று மகன் எங்கேயோ படித்துச் சொன்னான். அதைக் கேட்ட நாளிலிருந்து இந்த வேலையை நான் யாரோ ஒருத்தருடையது என்று நினைக்கவில்லை.

ஒரு பிழை விட்டேன். வாலின் கிடைத்துண்டில் ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போனேன். காலையில் பார்த்தால் துண்டு முறுக்கிக்கொண்டு நின்றது. இரண்டு மில்லிமீற்றர்தான் இருக்கும். சட்டையில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் பறக்கிற பொருள் அந்த முறுக்கின் பக்கமாகவே ஓயாமல் சரியும். மகன் துண்டை எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடிக்க, நான் மறுபடி சூடு காட்டினேன். ஆறவிட்டதும் நேரானது.

என் அப்பா வடமராட்சிக்காரர். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றியவர். விண், அதாவது காற்றில் ஒலிக்கும் நார், பூட்டிய பட்டம் இரவிலும் கூவிக்கொண்டு நிற்கும் என்பார். பட்டத்தின் உயிர் அதை நூலோடு இணைக்கும் முச்சையில் இருக்கிறது, முச்சையை ஒரு விரல் இறக்கிக் கட்டினால் அது வேறு பட்டம் என்றும் சொல்வார். இந்த விமானத்துக்கும் ஒரு முச்சை இருக்கிறது. பாரம் எந்த இடத்தில் சமப்படுகிறது என்பதுதான் அது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரலில் தூக்கினால் மட்டமாக நிற்கவேண்டும். பற்றரியை முன்னே பின்னே நகர்த்தித்தான் அதைச் சரிபார்ப்பது. மூக்குப் பாரமென்றால் தலைகீழாகத் திருப்பியதும் கீழே இழுக்கும். வால் பாரமென்றால் கையில் நிற்காது, ஒரு புதுக் கையால் அதைக் காப்பாற்றவும் முடியாது.

எங்கள் விமானம் வானில் குட்டிக்கரணம் போடும் வகை. பழகுவதற்கென்று செய்யும் விமானத்தின் இறக்கை அடிப்பக்கம் தட்டையாக, இரு முனையும் சற்று மேல்நோக்கி இருக்கும். கையை விட்டால் தானே மட்டத்துக்கு வந்துவிடும். எங்களுடையதின் இறக்கை மேலும் கீழும் ஒரே வளைவு, நேரே நீட்டியது. அதனால் நிமிர்ந்தும் தலைகீழாகவும் ஒரேமாதிரிப் பறக்கும். விட்ட இடத்தில் அப்படியே நிற்கும், தன்பாட்டில் திரும்பி வராது. முனைக்கு முனை 1.3 மீற்றர். நாலு செல் பற்றரியுடன் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பற்றரியை ஒரு தரம் சார்ஜ் பண்ணினால் ஆறேழு நிமிடம் பறக்கும். அவ்வளவு நேரத்துக்காக ஐந்து மாத வேலையா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கல்யாணப் பிளவுஸை எத்தனை மணி நேரம் உடுக்கிறோம் அக்கா என்று கேட்டேன்.

பறக்கக் கற்றுத் தந்தவர், ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பெரியவர். ஹோமாகமப் பக்கம் அறுவடை முடிந்த ஒரு வயலில், நிலச் சொந்தக்காரரிடம் கேட்டு, எடுக்கவேண்டிய அனுமதியும் எடுத்துக்கொண்டு, ஒரு சின்னக் கூட்டமாகப் பறக்கவிடுகிறார்கள். அவருடைய ரிமோட்டையும் எங்களுடையதையும் இணைத்து, நான் தடுமாறியவுடன் அவர் வாங்கிக்கொள்வார். ஆரம்பத்தில் பெரிய கரைச்சல், விமானம் நம்மை நோக்கி வரும்போதுதான். அப்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். “நங்கி (தங்கச்சி), எந்த இறக்கை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு” என்றார். அந்த ஒரு வசனம் ஒரு மாதக் குழப்பத்தைத் தீர்த்தது. முதலில் ரிமோட்டைப் போட்டு, அதற்குப் பிறகே விமானத்துக்குப் பற்றரி கொடுக்கவேண்டும், இறக்கிய பிறகு நேர்மாறாக என்பதையும், வேலை செய்யும்போது மோட்டாரில் சுழலும் காற்றாடியைக் கழற்றி வைக்கவேண்டும் என்பதையும், சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கும்படி அமைத்துச் சோதிக்கவேண்டும் என்பதையும் அவர்தான் பழக்கினார். ஒன்றையும் சும்மா சொல்லவில்லை, ஒவ்வொரு கிழமையும் செய்ய வைத்தார்.

2023 பெப்ரவரியில் ஒரு காலை, ஏழு மணிக்கு முன், காற்றே இல்லை. எங்கள் விமானத்தை அவர் முதலில் ஏற்றிச் சரிபார்த்துவிட்டு மகனிடம் கொடுத்தார், மகன் என்னிடம் தந்தான். நான் அதை ஒரு வட்டம் சுற்றி, உருட்டித் தலைகீழாக்கினேன். என் அயன்பெட்டி தடவிய இறக்கையின் அடிப்பக்கம், மஞ்சளும் கறுப்புமாக, வெயிலில் மின்னியது. நான் அழுதேன் என்று மகன் வீட்டில் எல்லோருக்கும் சொன்னான். உண்மைதான்.

மூன்றாம் கிழமை நொறுக்கினேன். தலைகீழாக இருக்கும்போது குச்சியைப் பின்னால் இழுத்தால் விமானம் நிலத்தை நோக்கித்தான் போகும். தெரிந்துகொண்டே இழுத்துவிட்டேன், கை பழைய பழக்கத்தில் போய்விட்டது. வயல் சேற்றில் மூக்கு முறிந்து, முன்சட்டம் மூன்று துண்டு. கடையில் கட்டிமுடித்து வாங்கியதாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாங்கள் மறுபடி வரைபடத்தை விரித்தோம். எந்தத் துண்டு எங்கே, எப்படி ஒட்டியது என்று எங்களுக்குத் தெரியும். மூன்று கிழமையில் மறுபடி ஏறியது. பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். என் மகன் உயர்தரத்தில் கணிதம் எடுத்தவன். விசை, திருப்புதிறன் எல்லாம் கொப்பியில் எழுதினவன். முறிந்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த இடம் ஏன் முதலில் விட்டது என்று அவன் விளக்கிய அன்றுதான் அந்தக் கணக்கு அவனுக்குள் இறங்கியிருக்கிறது என்று கண்டேன்.

இனிக் காவலாளி சொன்ன ட்ரோன் விஷயத்துக்கு வருகிறேன். ட்ரோன் என்று ஆட்கள் சொல்வது, நாலு காற்றாடியுடன், செய்மதியின் உதவியால் தானே ஓரிடத்தில் நின்று, கேமராவால் பார்ப்பது. எங்கள் விமானத்தில் கேமராவும் இல்லை, வழிகாட்டும் கருவியும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டினால் அது எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்றே விளங்காது. யாருடைய வீட்டையும் எட்டிப் பார்க்க அதால் முடியாது. அதற்காக இது விளையாட்டுச் சாமான் என்றும் நான் சொல்லமாட்டேன். காற்றாடி ஒரு விரலைத் துண்டிக்கும், ஒன்றரைக் கிலோ வேகமாக வந்து ஒருவர்மேல் விழுந்தால் உயிராபத்து. அதனால்தான் இதற்கு ஒழுங்கான ஓர் இடம் வேண்டும் என்று கேட்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். 2019 ஏப்ரல் 21 காலையில் அங்கே குண்டு வெடித்த சத்தம் கேட்டவள் நான். அதற்குப் பிறகு ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடுவதைச் சில காலம் தடைசெய்தபோது அது சரியென்றே எண்ணினேன். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, அவற்றுக்குள் நிற்கவே விரும்புகிறேன். இரத்மலானை விமான நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ பாராளுமன்றத்துக்கோ கிட்ட எங்கேயும் கேட்கவில்லை. காலிமுகத்திடலையும் கேட்கவில்லை, அங்கே பட்டம் விடுகிற பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். கொழும்பிலோ அதை ஒட்டியோ, சுற்றிலும் வீடு நெருங்காத ஒரு மைதானம், ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதுவரை. ஒன்பதுக்குப் பிறகு கடற்காற்று ஏறிவிடும், எங்களுக்கும் சரிவராது, கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகளுக்கும் நாங்கள் இடைஞ்சல். பறக்கவிடுபவர்கள் பெயரைப் பதியட்டும். விமானத்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதியிருக்கட்டும். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று, அந்தக் கோட்டுக்கு முன்னால் மட்டும் பறக்கவிடட்டும். பழகியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் கையில் ரிமோட் போகக்கூடாது. எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தைக் கொடுக்கவேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் அச்சடித்து மைதான வாசலில் ஒட்டினால், காவலாளிக்கும் கரைச்சல் இல்லை, எங்களுக்கும் இல்லை.

இப்போது நாங்கள் ஞாயிறு விடிய நாலரைக்கு எழும்பி, புறக்கோட்டையில் 138 பஸ் பிடித்து ஹோமாகம போகிறோம். பஸ் நிரம்பியிருந்தால் இறக்கைப் பையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போவேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு பிள்ளைகள் தங்களையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பெண்பிள்ளைகள். அவர்களை அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் அனுப்பப் பெற்றோருக்கு மனமில்லை, அது நியாயம்தான். அவர்களுக்காக என் வெட்டுமேசையில் ஒரு சின்னப் பழகும் விமானத்தின் வரைபடம் விரித்துக் கிடக்கிறது. விலா எலும்புகள் வெட்டியாகிவிட்டன, வருகிற சனிக்கிழமை ஒட்டத் தொடங்குகிறோம். எந்த மைதானப் பொறுப்பாளராவது வந்து பார்க்க விரும்பினால், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.