அந்தக் கூண்டுக் காட்சியை எடுத்துவிடுங்கள்

நீதிமன்றத் தொடரின் தயாரிப்பாளர், இயக்குநர், கதை வசனக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். எந்தத் தொடர், எந்த எபிசோட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்க ப்ரோமோவில் ஓட்டியது நீங்கள்தான். கூண்டுக் கம்பிக்கு மேல் தலை எட்டவில்லை என்று ஸ்டூல் போட்டு ஒரு சிறுமியை ஏற்றி நிறுத்தினீர்கள். எதிர்க் கூண்டில், அவளைச் சீரழித்தவன். எதிர்த்தரப்பு வக்கீல் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "பொய் சொல்றே! யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கத்துகிறார். ஹால் நிறைய ஆட்கள். பிள்ளை மயங்கி விழுகிறது. கதாநாயகன் ஓடி வந்து தூக்குகிறார்.

நான் போக்சோ வழக்குகளில், அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், துணைநபராக இருக்கிறேன். குழந்தைகள் நலக் குழு சொல்லும் பிள்ளைகளோடு காவல் நிலையம், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று கூடவே போய்வருவது என் வேலை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் காட்சியை மறு ஒளிபரப்பிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நான் கூட்டிப்போன ஒரு பிள்ளை. அவளுடைய பெயர், வயது, ஊர் எதையும் எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. சாட்சி சொல்லும் நாளுக்காக அவளைப் பல வாரம் தயார்ப்படுத்தியிருந்தோம். காலியாக இருந்த கோர்ட் அறைக்கு இரண்டு முறை கூட்டிப்போய்க் காட்டினோம். எந்த நாற்காலியில் உட்காருவாள், நான் எங்கே இருப்பேன், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இரண்டாவது முறை போனபோது அவளே அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

சாட்சி நாளுக்கு முந்தின ராத்திரி பக்கத்து வீட்டு டிவியில் உங்கள் எபிசோட் ஓடியிருக்கிறது.

காலையில் கோர்ட் வராந்தாவில் என் முந்தானை நுனியை எடுத்துத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அவிழ்க்கவே விடவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் மயங்கி விழுந்தா நீங்க தூக்குவீங்களாக்கா?" கூண்டு இருக்காது, அவன் முகத்தை நீ பார்க்க வேண்டியதில்லை, யாரும் கத்த மாட்டார்கள் என்று எத்தனை தரம் சொன்னேன். "டிவில காட்னாங்களே" என்றாள். அன்று அவள் வாயே திறக்கவில்லை. வாய்தா மூன்று வாரம் தள்ளிப்போனது. அவளுடைய அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போனது, அதையாவது ஈடுகட்டிவிடலாம். அந்த மூன்று வாரமும் அந்தப் பிள்ளை தூக்கத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்ததை யார் ஈடுகட்டுவது?

நான் அவளிடம் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. 2012 போக்சோ சட்டத்தில் இருப்பதுதான் அது. பிரிவு 33ன்படி அரசு வக்கீலோ எதிர்த்தரப்பு வக்கீலோ பிள்ளையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் பிள்ளையிடம் கேட்பார். மிரட்டும் கேள்வியையும் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்வியையும் அவர் அனுமதிக்கக் கூடாது. பிரிவு 36ன்படி சாட்சி சொல்லும்போது குற்றம்சாட்டப்பட்டவன் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது; திரையோ, ஒருபக்கக் கண்ணாடியோ, வீடியோ இணைப்போ இருக்க வேண்டும். பிரிவு 37ன்படி விசாரணை மூடிய அறையில், பெற்றோரோ பிள்ளை நம்புகிற ஒருவரோ கூட இருக்க நடக்க வேண்டும். போக்சோவுக்கு முன்பே, 2004ல், சாக்‌ஷி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் திரை வேண்டும், கேள்விகளை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எல்லாக் கோர்ட்டிலும் எல்லா நாளும் இது சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்காத இடத்தில் சண்டை போடுவதும் என் வேலைதான். ஆனால் நீங்கள் சட்டமீறலைக் காட்டி, அதுதான் கோர்ட் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டீர்கள். தொடரில் வரும் நீதிபதி ஒரு வார்த்தை தடுக்கவில்லையே!

கோர்ட் காட்சி என்றாலே உங்கள் துறையில் இப்படித்தான். நம் கோர்ட்டுகளில் இல்லாத மரச் சுத்தியலை நீதிபதி தட்டுகிறார். இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொண்டதை வைத்தே தீர்ப்பு வந்துவிடுகிறது. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது என்பது 1872 சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றைய பாரதிய சாக்‌ஷ்ய சட்டம் வரை மாறாத விதி. சுத்தியலால் யாருக்கும் கெடுதல் இல்லை, அதை விட்டுவிடலாம். இந்தக் கூண்டுக் காட்சியை அப்படி விட முடியாது. புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மா, தன் மகளை அந்த ஸ்டூலில் நினைத்துப் பார்த்துவிட்டால், அடுத்த நாள் ஸ்டேஷன் பக்கமே போகமாட்டாள்.

கதைக்கு விறுவிறுப்பு வேண்டும் என்பீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் கொடுத்த தாளை ஜட்ஜம்மா படிக்கிறார், ஒரு கேள்வியை அடிக்கிறார், அடுத்ததைப் பிள்ளைக்குப் புரியும் பேச்சில் மாற்றிக் கேட்கிறார். பிள்ளை பதில் சொல்ல ஆரம்பிக்கிறாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடுகிறது. அது யாருடைய இருமல் என்று அவளுக்குத் தெரியும். ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். மயங்கவில்லை, யாரும் தூக்கவும் இல்லை. உங்கள் எழுத்தாளர்களுக்கு இதைவிடப் பெரிய காட்சி வேண்டுமா?

2021ல் திருத்தப்பட்ட கேபிள் டிவி விதிகளின்படி, பார்வையாளர் புகாரை 15 நாட்களுக்குள் சேனல் தீர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த வழியில் போவதற்கு முன் உங்களிடமே கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இந்த மடல். காட்சியை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டோம் என்று தொடருக்கு முன்னால் ஒரு வரி போடுங்கள். இனி பிள்ளைகள் சாட்சி சொல்லும் காட்சி எழுதினால் போக்சோ கோர்ட்டில் பழகிய வக்கீல் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுப் படம் பிடியுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன், எனக்குப் பணம் வேண்டாம்.

அடுத்த மாதம் இன்னொரு பிள்ளையைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அவள் வீட்டிலும் டிவி இருக்கிறது. அதற்குள் செய்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு துணைநபர்