என் மகளின் உதடு சிவக்கக் காரணமானவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் பாப்பாவுக்கு ஐந்து வயது முடிந்தது. பள்ளி மைதானத்தில் ஓடிவிட்டு மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றாள், நான் வழக்கம்போல முதலில் உதட்டைத்தான் பார்த்தேன். நல்ல சிவப்பு. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர் நர்ஸ் அக்காவுக்கு. குழந்தை அழும்போதெல்லாம் உதடு கறுத்துப்போகும், நிறமே அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும்தான். தடுப்பூசி போட வந்த அக்கா நகத்தையும் நாக்கையும் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, இது நிறம் இல்லம்மா, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு" என்றார். அங்கே எக்கோ, அதாவது இதய ஸ்கேன் எடுத்தார்கள். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் கோளாறு. இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியும் குறுகல்.

அப்புறம், வார்டில் பக்கத்துப் படுக்கை அக்கா. ராத்திரி பிள்ளை நீலம் பாரித்தபோது நான் அலறினேன், அவர்தான் ஓடி வந்து இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு சேர்த்து மடக்கிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் கீழ் உடம்புக்குப் போகிற ரத்தத்துக்குத் தடை கூடி, நுரையீரல் பக்கம் கொஞ்சம் அதிகம் போகுமாம். டாக்டர் பிறகு விளக்கினார். அந்த அக்காவுக்கு அதைத் தன் மகனை வைத்தே தெரிந்திருந்தது.

நாலாவது மாதம் ஷன்ட் வைத்தார்கள். கைக்குப் போகிற தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு ஒரு சின்னக் குழாய், அவ்வளவுதான். அந்தக் குழாய்தான் முழு ஆபரேஷன் வரைக்கும் இரண்டு வருஷம் அவளைக் காப்பாற்றியது. இது யாருக்கு முதலில் தோன்றியது என்று தேடிப் படித்தேன். ஹெலன் டாசிக் என்ற அமெரிக்க டாக்டர். ஹார்வர்டில் அந்தக் காலத்தில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தரமாட்டார்கள், அதனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1927-ல் டாக்டரானார். காது கேட்பது குறைந்துபோனதால் குழந்தைகளின் நெஞ்சில் விரலை வைத்துத் துடிப்பைத் தொட்டே படித்தார். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் திறந்தே இருக்கிற நீலக் குழந்தைகள் ஓரளவு தேறியிருப்பதையும், அது மூடினதும் மோசமாவதையும் கவனித்தார். அப்படியானால் அதுபோல ஒன்றை நாமே அமைக்கலாமே என்று கேட்டார். பாஸ்டனில் ஒரு சர்ஜன் கையை விரித்துவிட்டார். ஹாப்கின்ஸுக்கு வந்த ஆல்ஃபிரட் பிளலாக் என்ற சர்ஜன் சரி என்றார், 29 நவம்பர் 1944 அன்று பதினைந்து மாதக் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தது.

அந்த முறையை நாய்களில் செய்து செய்து பழகி முழுமையாக்கியவர் பிளலாக்கின் ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், மருத்துவம் படிக்க வழியில்லாமல் போனவர். ஆபரேஷன் அன்று பிளலாக்குக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். நம் டாக்டர்கள் வாயில் இன்னும் 'பி.டி. ஷன்ட்'தான், அதாவது பிளலாக், டாசிக் இரண்டு பெயர் மட்டும். தாமஸின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். நான் இனி மூன்று பெயரும் சொல்லித்தான் பேசுவேன்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் இதெல்லாம் எங்களுக்கு எட்டியிருக்காது. அந்தக் கவுண்டரில் என் படிவத்தைத் தானே நிரப்பித் தந்த தம்பிக்கும், நாலு நாள் ஐசியூ வாசலில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்த செக்யூரிட்டி அண்ணாவுக்கும் நன்றி.

கடைசியாக, ரத்தம் கொடுத்த கல்லூரிப் பையன்களே, விடியற்காலை பைக்கில் வந்தீர்கள், கொடுத்துவிட்டுப் பரீட்சை இருக்கிறது என்று ஓடிவிட்டீர்கள். பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் தம்பிகளா, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன்.