மகேந்திரகிரியில் என்னோடு நின்றவர்களுக்கு

பெரியவர்களுக்கும் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனைத் தளத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகிறது. வழியனுப்பு விழாவில் மாலையைப் போட்டு மைக்கைக் கையில் கொடுத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

முதல் நன்றி, நான் சேர்வதற்கு முன்பே பாடுபட்டவர்களுக்கு. 1974-இல் பிரான்சோடு ஒப்பந்தம் போட்டு, இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் தலைமையில் நம் பொறியாளர்கள் அந்நாட்டு வெர்னான் ஊருக்குப் போய், அவர்களுடைய வைக்கிங் ராக்கெட் எஞ்சினில் வேலை பார்த்தார்கள். பணத்துக்குப் பதில் ஏறக்குறைய நூறு ஆள்-ஆண்டு (நூறு பேர் ஓராண்டு பார்க்கும் வேலை) உழைப்பைக் கொடுத்து வாங்கி வந்த வித்தை அது. காகிதத்தில் வந்த படங்களை இங்கே இரும்பாக்கி, 'விகாஸ்' என்று பெயர் சூட்டினார்கள். அதை எரித்துப் பார்க்க மகேந்திரகிரி அடிவாரத்தில் சோதனைத் தளத்தை எழுப்பிய ஏ.இ. முத்துநாயகம் ஐயாவையும் அவரோடு இருந்தவர்களையும் கைகூப்பி நினைக்கிறேன்.

எஞ்சின் என்றால் நெருப்புத்தான் பலருக்கும் கண்ணில் நிற்கும். எங்களுக்கு அது குழாயும் இணைப்பும் வால்வும். விகாஸ் ஒரு நொடிக்குக் கால் டன்னுக்கு மேல் எரிபொருளையும், அதை எரியவைக்கும் ஆக்சிகரணியையும் குடிக்கும். கொடுப்பது சுமார் 80 டன் உந்துவிசை. அவற்றை உள்ளே தள்ளும் பம்புகளை ஒரு டர்பைன் சுழற்றும்; அதை ஓட்டும் சூடான வாயு டர்பைனையே தின்றுவிடாமல் இருக்க, உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிச் சூட்டைத் தணிப்போம். இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு இணைப்பு கசிந்தால் போச்சு.

கசிவைக் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி. இணைப்பின் மேல் சோப்புக் கரைசலைத் தடவி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கச் சொல்வார். "கடுகு அளவு குமிழி வந்தாலும் அது பொய் சொல்லாது, தம்பி." ஒருநாள் ராத்திரி, ஐந்து நிமிஷம் நிற்க வேண்டிய இடத்தில் ரெண்டு நிமிஷத்தில் டார்ச்சை அணைத்துவிட்டேன். அண்ணாச்சி திட்டவில்லை. டார்ச்சை வாங்கித் தானே பிடித்தார். நான்காவது நிமிஷத்தில் ஒரு குமிழி மெதுவாக எழும்பி நின்றது. அண்ணாச்சி, அந்தக் குமிழியை இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கால் தொட்டு நன்றி.

எரிபொருள் நிரப்பும் குழுவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் கருவாட்டு வாடை அடிக்கும் ஹைட்ரசீன் வகை எரிபொருள். மறுபக்கம் ஆக்சிகரணியான, செம்பழுப்பாய்ப் புகையும் நைட்ரஜன் டெட்ராக்சைடு. ரெண்டும் தொட்டுக்கொண்டால் தீக்குச்சி வேண்டாம், தானே பற்றும். சுவாசித்தால் நுரையீரல் வெந்துபோகும். தலை முதல் கால் வரை மூடிய ரப்பர் உடையில், சித்திரை வெயிலில், காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு வேலை பார்த்தீர்கள். வெளியே வந்து பூட்ஸைக் கவிழ்த்தால் வியர்வை தண்ணீராகக் கொட்டும்.

2013 ஆகஸ்ட் 19-ஐ நாம் மறக்க முடியாது. ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட் புறப்பட 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்து கவுன்ட்டவுன் நின்றது. கசிகிற ராக்கெட்டின் பக்கத்துக்குத் திரும்பப் போய், அத்தனை எரிபொருளையும் பத்திரமாக இறக்கியவர்கள் ஸ்ரீஹரிகோட்டா தோழர்கள். தொட்டியின் உலோகக் கலவையையே மாற்றிப் புதிய கட்டம் பூட்டி, 2014 ஜனவரி 5 அன்று ஏவியபோது கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் நம் கிரையோஜெனிக் எஞ்சினும் முதன்முறையாக விண்ணில் வென்றது. 2010 ஏப்ரலில் அந்த எஞ்சினின் முதல் முயற்சியில் எரிபொருள் பம்ப் நின்றுபோய் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்த வலி அன்றுதான் ஆறியது. செய்தியில் வந்தது அந்த வெற்றி. எனக்கு அந்த ஆகஸ்ட் மாதத்தில் எரிபொருளை இறக்கிய கைகள்தான் பெரிது.

எஞ்சினை வடித்துக்கொடுத்த கோத்ரெஜ், எம்.டி.ஏ.ஆர். நிறுவனத் தொழிலாளர்களுக்கு நன்றி. ராத்திரி ரெண்டு மணிக்கும் சூடாக இட்லி போட்ட கேன்டீன் அக்காமாருக்கும், எந்நேரமானாலும் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பஸ் டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. சோதனை நாளில் ஜன்னல் அதிர்ந்தாலும் "நம்ம எஞ்சின்தான்" என்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்திய பணகுடி, காவல்கிணறு ஊர்க்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரிக்கு, சோதனை முடிந்து போன் வரும்வரை ஒருநாளும் சாப்பிடாமல் இருந்ததற்கு.

இப்போது தளத்தில் நிற்கிற தம்பிமார், தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. 2025 மார்ச் 28 அன்று நம் செமி-கிரையோ எஞ்சினின் பம்புகள் அடங்கிய பகுதி இரண்டரை நொடி ஓடியதே, அதற்கு நீங்கள் எத்தனை ராத்திரி விழித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் எரித்து 200 டன் உந்துவிசை தரவேண்டிய எஞ்சின் அது. விகாஸைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அண்ணாச்சியின் டார்ச்சைக் கருவி அறை அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பேட்டரி புதுசு.

முழு எஞ்சினும் எரியும் நாளைச் சொல்லி அனுப்புங்கள். மொட்டைமாடியில் நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய டெக்னீஷியன்
பணகுடி